ஒன்பதாம் வண்டியின் முதுகு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

உங்கள் தீயணைப்பு நிலையத்தின் ஒன்பதாம் எண் வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதன் லாக் புத்தகத்துக்குள் இருக்கும். ஓட்டிப் போகிறவர் பிரித்துப் படிக்காதபடி நன்றாக ஒட்டியிருக்கிறேன். பட்டை ஒட்டி ஒட்டி, ஒட்டுவதொன்றுதான் இப்போது எனக்குக் கைவந்த கலை.

போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதாகவே படுகிறது. அம்மா இறந்த வருஷம் போனில் நாம் ஒருவரையொருவர் அறுத்துக்கொண்டது போதும். எழுதும்போது நீ அடக்கமான பிள்ளை ஆகிவிடுகிறாய். நானும் கத்துவதில்லை.

வண்டியின் பின்பக்கத்தைப் போய்ப் பார். புது வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே ஒளிரும் பட்டையோடு வருகின்றன. உங்களுடையதைப் போல இருபது வயது தாண்டியவற்றுக்குப் பின்னால் இரண்டு மங்கல் விளக்கும் ஒரு நம்பர் பலகையும்தான். சாலையில் நின்றால் பின்னால் வருகிறவனுக்கு அது வண்டியே இல்லை, இருட்டில் ஒரு சுவர். அதனால்தான் முப்பத்தொரு பழைய வண்டிகளுக்குப் பட்டை ஒட்டும் பொறுப்பைப் பணிமனையில் என்னிடம் கொடுத்தார்கள்.

முதலில் சோப்பு, பிறகு ஸ்பிரிட். நடுவிலிருந்து இரு பக்கமும் கீழே சரியும் சிவப்பும் மஞ்சளும், கூரை முகடு மாதிரி. மூலைகளை வட்டமாக நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உரியும். பின்பக்க ஷட்டர்தான் உயிரை வாங்கியது. இரண்டு விரல் அகலத் தகடுகளைக் கோத்துச் செய்தது அது. ஒவ்வொரு இணைப்பிலும் பட்டையைப் பிளேடால் கீற வேண்டும், இல்லாவிட்டால் ஷட்டர் சுருளாது. ஒரு வண்டிக்கு நாற்பத்திரண்டு கீறல். என் ஆட்காட்டி விரலைப் பார்த்தால் காய் நறுக்கத் தெரியாதவள் என்பாய்.

முடிந்ததும் ஷெட் கதவை மூடி இருட்டாக்கி டார்ச் அடித்தோம். வண்டியின் முதுகு முழுக்கக் குப்பென்று பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. வாட்ச்மேன், "என்னம்மா, தீயணைக்கிற வண்டிக்கே தீ வச்சிட்டீங்களே!" என்றார். முப்பத்தொன்றையும் படம் எடுத்து, 'பின்பக்கம் தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என் தம்பியின் முதுகுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வைத்தேன் என்று ஒரு நிம்மதி.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் மனைவியையும் பெண்ணையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

---

மார்ச் 17

அக்கா,

நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது, நான் சொன்னால் கேட்பதில்லை.

உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. முதலில் வண்டியைப் பற்றி எங்கள் ஆட்கள் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் வந்து நின்றதும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சங்கு, "கெழவிக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்கப்பா" என்றார். சங்கு யாரென்று உனக்குத் தெரியாது. எங்கள் பம்ப் ஆப்பரேட்டர், ஐம்பத்தாறு வயது. குரல் ஊதினால் ஊருக்கே கேட்கும், அதனால் சங்கு. முப்பது வருஷம் பம்புக்குப் பக்கத்திலேயே நின்று இடது காது சுத்தமாகப் போய்விட்டது. அவருக்கே கேட்காததால்தான் நமக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று கேலி செய்வோம்.

இனி விஷயம். பத்தாம் தேதி சாயங்காலம் நெடுஞ்சாலை ஓரம் புல் பற்றிக்கொண்டது. புகை சாலை மேலே படுத்துக்கிடந்தது. வண்டியை ஓரம் கட்டினோம். சங்கு வழக்கம்போல் பின்னால் போய் ஷட்டரைத் தூக்கினார். அக்கா, பழைய வண்டியில் பம்ப் பின்பக்கம்தான் இருக்கிறது. ஷட்டரைத் தூக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்க முடியாது. தூக்கினால் உன் பட்டையெல்லாம் சுருண்டு கூரைக்குள் போய்விடுகிறது.

ஒரு லாரி பிரேக் அடித்து நின்றது. சங்குவுக்கும் அதன் பம்பருக்கும் நடுவே ஒரு நாற்காலி போடலாம், அவ்வளவுதான் இடம். டிரைவர் இறங்கி வந்து, "வண்டி நிக்கிறதே தெரியலண்ணே" என்று நடுங்கினான். நான் அவன் வந்த வழியில் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. நடுவில் கறுப்பாக ஒரு வாய்.

நீ மூடிய வண்டியைப் பார்க்கிறாய். நாங்கள் திறந்த வண்டியில் வேலை செய்கிறோம். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முப்பத்தொன்றும் இப்படித்தானே இருக்கும்?

உன் தம்பி

---

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

ஸ்பேர் பார்ட்ஸ் வேனில் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வேன் டிரைவருக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, வருவதென்னவோ ஆமை.

படித்ததும் ஷெட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் எண் வண்டி நின்றிருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஷட்டரை நானே தூக்கினேன். சத்தம் போடாமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது. நான் அவ்வளவு நேர்த்தியாகக் கீறியிருந்தேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு கீறலும் எதற்காக? ஷட்டர் திறக்க வேண்டும் என்பதற்காக. அது திறக்கும் என்பது என் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வண்டி, ஆயிரத்து முந்நூற்றிரண்டு கீறல். ஒரு கீறலில்கூட எனக்கு உறைக்கவில்லை.

நீ சொல்வது சரி. ஆனால் நான் சொல்வதையும் கேள். அறிக்கை மேலே போய்விட்டது. அடுத்த மாதம் 27ஆம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். இப்போது தவறு என்று எழுதினால் முப்பத்தொரு வண்டியையும் நிறுத்தச் சொல்வார்கள். பதினெட்டு வருஷ வேலையில் என் கையெழுத்தை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. ஆய்வு முடியட்டும். அதற்குப் பிறகு ஷட்டரின் இரு பக்கத் தூண்களிலும் கூரை விளிம்பிலும் பம்ப் அறையின் உட்சுவரிலும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். வண்டிக்கு அரை நாள் வேலைதான்.

அதுவரை பின்னால் கூம்பு வையுங்கள். ஜாக்கிரதை.

உன் அக்கா

---

ஏப்ரல் 1

அக்கா,

கூம்பு மூன்று இருந்தன. ஒன்றை முந்தாநாள் ஒரு பஸ் அப்பளமாக்கிவிட்டது. மீதி இரண்டும் காற்றடித்தால் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுகின்றன.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வண்டிக்கு அறுபது அடி பின்னால் ஓர் ஆள் விளக்கோடு நிற்பது. ஆள் யார் என்றுதானே கேட்பாய். நான்தான். டிரைவர் வேலை வண்டியை நிறுத்தியதோடு முடிந்தது, சும்மாதானே இருக்கிறேன். சங்கு, தானே நிற்பதாகக் குதித்தார். "அண்ணே, இடது பக்கம் லாரி வந்தா உங்களுக்குக் கடிதம் போட்டுத்தான் சொல்லணும்" என்றேன். "போடா, கெட்ட வார்த்தை மட்டும் ரெண்டு காதுலயும் கேக்கும்" என்றார். ஆனாலும் நான் அவரை விடவில்லை. அவர் பம்பிலேயே இருக்கட்டும்.

நிற்பது ஒன்றும் கஷ்டமில்லை. நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் பழக்கமில்லை. இத்தனை வருஷமும் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இப்போது எதிரே வருகிற ஒவ்வொரு ஜோடி விளக்கையும் பார்த்துக்கொண்டு, இவன் என்னைப் பார்த்துவிட்டானா, இல்லையா என்று எண்ணிக்கொண்டே நிற்கிறேன். பார்த்துவிட்டால் விளக்கு லேசாகத் தாழும். பிரேக்கில் கால் வைத்துவிட்டான் என்று அர்த்தம். தாழாமலே வந்து கடைசி நிமிஷத்தில் விலகிப் போனவர்கள் இதுவரை நான்கு பேர்.

இப்போதைக்கு உன் பட்டை நான்தான். மழைக்கு உரியாமல் இருந்தால் சரி.

உன் தம்பி

---

ஏப்ரல் 4

தம்பி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அப்படியே மூடிவிட்டேன். தாழாமல் வந்த நான்கு ஜோடி விளக்கும் டப்பாவுக்குள் இருந்தன.

ஒரு காரியம் செய்திருக்கிறேன், கோபப்படாதே. உங்கள் பகுதியின் கண்ட்ரோல் ரூமில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வயர்லெஸ்ஸில் உட்கார்ந்து அழைப்பு வந்தால் வண்டி அனுப்புவது, வண்டியோடு பேசுவது. நிழலில் வேலை. உன் முழங்காலைக் காரணம் காட்டி உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளரிடம் நானே நேரில் போய்ப் பேசினேன். நான் யாரிடமும் சிபாரிசுக்குப் போகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

கூடுதல் பட்டைக்கும் அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். ஆகவே மற்றவர்களைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பட்டை வரும், ஒட்டுவேன். நீ மட்டும் முதலில் சாலையை விட்டு வா. அம்மா இருந்தபோது உன்னை என்னிடம் ஒப்படைத்தாளா என்று கேட்பாய். ஒப்படைக்கவில்லை. நானேதான் எடுத்துக்கொண்டேன்.

உன் மனைவிக்கும் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதற்காகவும் கோபப்படாதே.

உன் அக்கா

---

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

நீ எழுதிய அந்த ஒரு வரிக்கு இங்கே மூன்று நாள் சோறு வேகவில்லை. கடைசியில் ஜெயித்தது நீயும் அவளும்தான். திங்கட்கிழமை முதல் கண்ட்ரோல் ரூம்.

எனக்கு இஷ்டமில்லை என்பதை எழுத்தில் வைக்கிறேன். பெண் வந்து, "அப்பா, நீங்க ரோட்டுல நிக்கப் போறதில்லதானே?" என்று கேட்டாள். இடமாற்றத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சங்குவிடம் சொன்னேன். "போடா, போ. வயர்லெஸ்ல என் குரலக் கேட்டுக் கேட்டு உன் காதும் போகட்டும், நமக்கு ஜோடி சேரும்" என்றார். எனக்குப் பதில் வருகிறவருக்கு நெடுஞ்சாலை பழக்கமில்லை, குழாய் பிடிக்க ஆள் குறைவு. யார் பின்னால் நிற்பது என்று கேட்டேன். "பம்ப ஓட விட்டுட்டு நான் போய் நிக்கிறேன். ஒரு காது போனா என்ன, கண்ணு ரெண்டு இருக்கே."

அக்கா, ஒரே ஒரு நிபந்தனை. பட்டை வந்ததும் முதலில் ஒன்பதாம் வண்டி. வரிசைப்படி, எண்படி என்று காரணம் சொல்லக்கூடாது.

உன் தம்பி

---

ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது எப்படி இருக்கிறது? தொப்பை வைக்காதே.

ஆய்வு முடிந்தது. எட்டு வண்டிகளை வரிசையாக முதுகு காட்டி நிறுத்தியிருந்தோம். ஆய்வாளர் டார்ச் அடித்துக்கொண்டே நடந்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா" என்றார். அவர் ஷட்டரைத் திறக்கச் சொல்வாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டிக்குப் பின்னால் நின்று ஷட்டரின் கைப்பிடியைத் தொட்டார். துரு இருக்கிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எல்லோரும் கைகுலுக்கினார்கள். என் கை ஈரமாக இருந்தது.

பட்டை வந்துவிட்டது. ஒன்பதாம் வண்டிக்கான துண்டுகளை அளவெடுத்து நறுக்கி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். உடனே கூப்பிடலாம்தான். ஆனால் ஆய்வு முடிந்த கையோடு கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். மே 12 அந்த வண்டிக்கு வழக்கமாக எண்ணெய் மாற்றும் நாள். அன்றைக்கு வரட்டும், பேச்சில்லாமல் ஒட்டிவிடுகிறேன். இன்னும் பன்னிரண்டு நாள்தானே.

சங்குவிடம் அதுவரை வலது காதைச் சாலைப் பக்கம் திருப்பி நிற்கச் சொல். இதை வேடிக்கையாக எழுதவில்லை.

உன் அக்கா

---

மே 15

அக்கா,

உனக்குச் செய்தி வந்திருக்கும். எனக்கு எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன்.

மே 9 காலை ஆறு மணி ஐந்து நிமிஷம். பாலத்துச் சாலையில் கார் எரிகிறது என்று அழைப்பு. இரவு பெய்த கோடை மழையால் அடர்ந்த மூடுபனி. ஒன்பதாம் வண்டியை நான்தான் அனுப்பினேன். ஆறு இருபதுக்குச் சங்குவின் குரல். "ஒன்பது வந்து சேந்தாச்சு. ஷட்டர் தொறந்தாச்சு. தண்ணி குடுத்தாச்சு. பின்னாடி நான் நிக்கப் போறேன். டீ சொல்லி வைடா." சரி அண்ணே என்றேன். ஆறு இருபத்தாறுக்கு வேறொரு குரல் பேசியது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸ், போலீஸ், அடுத்த நிலையத்து வண்டி என்று எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். குரல் நடுங்கவில்லை என்று பிறகு பாராட்டினார்கள்.

லாரி அவருக்கு இடது பக்கம் வந்திருக்கிறது. அவரை அடித்த பிறகுதான் வண்டியில் மோதி நின்றது. டிரைவர் என்ன சொன்னான் என்று கேட்டேன். "வண்டி நிக்கிறதே தெரியல" என்றானாம். இதே வாக்கியத்தை மார்ச் மாதம் உனக்கு நான் எழுதியிருந்தேன்.

விசாரணைக்காகக் கோப்புகள் கண்ட்ரோல் ரூம் வழியாகப் போயின. வேண்டுமென்று பார்க்கவில்லை, பதிவு செய்வது என் வேலை. என் இடமாற்றத்துக்கு நீ எழுதிய கடிதத்தில் தேதி ஏப்ரல் 3. கூடுதல் பட்டை கேட்டு நீ எழுதியதில் தேதி ஏப்ரல் 28. ஆய்வு முடிந்த மறுநாள். அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன் என்று எனக்கு எழுதியிருந்தாய்.

வண்டிக்குப் பின்னால் நிற்கிறவன் சாகலாம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. அதனால்தான் என்னை அங்கிருந்து எடுத்தாய். ஆள் நிற்க வேண்டிய அந்த இடத்தை எடுக்கவில்லை.

மே 26 விசாரணையில் என்னைக் கேட்டால் இதையெல்லாம் சொல்வேன். இனி எனக்கு எழுதாதே. பேசு. அங்கே வந்து பேசு.

தம்பி

---

ஜூன் 2

தம்பி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்று மட்டும்.

விசாரணையில் பேசினேன். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. உன்னைக் கூப்பிடும் முன் என்னைக் கூப்பிடச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன். அக்காவைக் காட்டிக்கொடுக்கும் வேலை உனக்கு வேண்டாம் என்பதற்காக. அதுவும் உன்னைக் காப்பாற்றுகிற பழைய புத்திதானோ என்று இப்போது தோன்றுகிறது.

முப்பத்தொரு வண்டிக்கும் இப்போது ஷட்டரைத் திறந்து வைத்துத்தான் ஒட்டுகிறோம். கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம் இல்லை. பிளேடு மட்டும் இருக்கிறது. அதுவே போதும்.

ஒன்பதாம் வண்டி வந்தது. பின்பக்கம் தட்டி நிமிர்த்தினார்கள். நான் தூண்களிலும் விளிம்பிலும் உட்சுவரிலும் ஒட்டினேன். மேஜை மேல் சுருட்டி வைத்திருந்த அதே துண்டுகள், அளவு கச்சிதமாக இருந்தது. லாக் புத்தகத்தில் கடைசிப் பதிவு சங்குவின் கையெழுத்தில் இருந்தது: 'எல்லாம் சரி.'

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்து வந்த பிறகு அதை உன்னிடம் எழுத முடியவில்லை. அந்த அம்மாள் என்னிடம், "சத்தமாப் பேசுங்கம்மா, இந்த வீட்டுல எல்லாருக்கும் அதான் பழக்கம்" என்றாள். நான் சத்தமாகச் சொன்னேன். எல்லாவற்றையும்.

நீ கண்ட்ரோல் ரூம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிலையத்துக்கே திரும்பிவிட்டாயாம். அதனால் இந்தக் கடிதம் ஒன்பதாம் வண்டியின் லாக் புத்தகத்தில் வருகிறது.

அக்கா

---

ஜூலை 21

தம்பி,

எண்ணெய் மாற்ற உன் வண்டி இன்று காலை வந்தது. ஓட்டி வந்தது நீ இல்லை. லாக் புத்தகத்தைத் திறந்தேன். ஜூன் மாதக் கடிதம் நான் வைத்த பக்கத்திலேயே இருந்தது. ஒட்டிய ஓரம் பிரியவில்லை.

அதை நான் எடுக்கவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் உன் கையெழுத்தில் ஒரே வரி: 'ஷட்டரை முழுவதும் திறந்து, அறுபது அடி பின்னால் நின்று பார்த்தது. தெரிகிறது.' ஒரு நாள்கூட விடவில்லை. பள்ளியில் தப்பு செய்தால் ஒரே வரியை நூறு தடவை எழுத வைப்பார்களே, அதை என் இடத்தில் நீ எழுதுகிறாய் என்று தோன்றியது.

முந்தாநாள் பதிவில் மட்டும் வரி மாறியிருந்தது. 'அதிகாலை. மூடுபனி. திறந்து பார்த்தது. தெரியவில்லை. பின்னால் ஆள் நிறுத்தப்பட்டார்.'

ஆள் யார் என்று எழுதவில்லை. கையெழுத்து உன்னுடையது.

நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. ஸ்டோரில் ஒரு புதுக் கோட்டு வாங்கினேன். உன் தோள் அளவு எனக்குத் தெரியும். முன்னும் பின்னும், இரண்டு கையிலும், குறுக்காக மீதமிருந்த பட்டையெல்லாம் வைத்துத் தைத்தேன். பித்தானைப் போட்டும் டார்ச் அடித்துப் பார்த்தேன், திறந்து விட்டும் பார்த்தேன். ஷெட் கதவை மூடச் சொல்லி, வாட்ச்மேனை அதைப் போட்டுக்கொண்டு நடக்கவும், குனியவும், திரும்பவும் சொன்னேன். இந்த முறை அவர் கேட்காமலே இரண்டாம் தடவையும் நடந்து காட்டினார்.

டிரைவர் இருக்கைக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பழையதற்கு மேலேயே வைக்கிறேன். இதையும் நீ பிரிக்காமல் போகலாம். கோட்டை மட்டும் போட்டுக்கொள்.

அக்கா